பழைய படத்தில் இருப்பது டைகர் மாத் தானா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

கும்பகோணத்திலிருந்து நேயர் ஒருவர் தம் தாத்தாவின் ஆல்பத்தில் இருந்த படம் ஒன்றை அனுப்பி, அதில் உள்ள விமானம் எது என்று கேட்டிருக்கிறார். இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட சிறிய விமானம். அதில் சாய்ந்தபடி தாத்தாவும் இன்னும் மூவரும் நிற்கிறார்கள். விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் பதிவெழுத்துகளை அவர்களுடைய தோள்கள் மறைத்துவிட்டன. படத்தின் பின்புறம் 'மெட்ராஸ், 1934' என்று மையால் எழுதியிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும், பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் வடிவமைத்த பயிற்சி விமானமான டைகர் மாத் என்கிறார்களாம்.

அது டைகர் மாத் அன்று என்பதே என் கருத்து. டி ஹாவிலண்டும் பிற நிறுவனங்களுமாக எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட டைகர் மாத்துகளைக் கட்டின என்பதால், பழைய படத்தில் இரட்டை இறக்கையைக் கண்டதும் அந்தப் பெயர் தானாகவே வாயில் வந்துவிடுகிறது. தெரிந்த பெயரை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு அதற்குச் சான்று தேடினால், சான்றும் கிடைத்ததுபோலவே தோன்றும். அரிய விமானங்களின் படங்கள் தவறான பெயரோடு உலாவுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வாலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் படத்தில் வால் சுக்கானின் வளைவு டி ஹாவிலண்டுக்கே உரியது என்பது உண்மைதான், ஆனால் அந்த நிறுவனத்தின் மாத் என்னும் விமானக் குடும்பம் முழுவதற்கும் ஏறத்தாழ அதே வளைவுதான் என்பதால், கட்டிய நிறுவனம் எது என்பதை மட்டுமே அது சொல்லும். பார்க்க வேண்டியது மேல் இறக்கையின் நடுப்பகுதியைத் தாங்கும் குறுங்கம்பங்களை. 1925இல் முதன்முதலாகப் பறந்த மாத்திலும், பின்னர் வந்த ஜிப்சி மாத்திலும் இந்தக் கம்பங்கள் முன் இருக்கையைச் சுற்றி நிற்கும். பாராசூட் கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பவர் ஆபத்து நேரத்தில் வெளியேறுவது கடினம். விமானப்படைப் பயிற்சிக்கு இது ஒத்துவராது என்பதால் டைகர் மாத்தில் மேல் இறக்கையை முன்னே நகர்த்தினார்கள். அப்படி நகர்த்தியதால் குலைந்த சமநிலையைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். எனவே பின்சாய்ந்த இறக்கைதான் டைகர் மாத்தின் உண்மையான அடையாளம். உங்கள் படத்தில் இறக்கையின் முன்விளிம்பு ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நேராகவே போகிறது. கம்பங்களும் முன் இருக்கையின் இருபுறமும் நிற்கின்றன.

அப்படியானால் ஜிப்சி மாத் என்று சொல்லிவிடலாமே என்றால், மூக்கு இடம் கொடுக்கவில்லை. ஜிப்சி மாத்துக்குப் பெயர் தந்த ஜிப்சி எஞ்சினின் தொடக்க கால வகைகளில் சிலிண்டர்கள் மேல்நோக்கி நிற்கும். அவற்றின் தலைகள் மூடிக்கு மேலே துருத்திக்கொண்டு தெரியும். ஜிப்சி III முதல் எஞ்சினைத் தலைகீழாகப் பொருத்தினார்கள். அதனால் மூக்கின் மேல்கோடு வழுவழுப்பாக இறங்கும், புரொப்பெல்லரின் மையமும் மூக்கின் மேல்விளிம்பை ஒட்டி அமையும். உங்கள் படத்தில் இருப்பது இந்த இரண்டாவது வகை மூக்கு. தலைகீழ் எஞ்சினும் நேர் இறக்கையும் ஒன்றாகச் சேர்வது, 1932இல் வந்த ஜிப்சி III மாத்திலும், அதைத் தொடர்ந்து 1934இல் வந்த மாத் மேஜரிலும்தான். டைகர் மாத்தோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிலவே கட்டப்பட்டன. பின்புறக் குறிப்பிலுள்ள ஆண்டும் இதற்கு முரணாக இல்லை. ஆனால் படத்தின் பின்னால் உள்ள எழுத்து பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதால், அதை நான் துணைச் சான்றாக மட்டுமே கொள்கிறேன்.

விமானம் கறுப்பு நிறமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அக்காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பை உணராது, நீலத்தை மிகையாக உணரும். சிவப்பு வண்ணம் கறுப்பாகவும், நீல எழுத்து விமானத்தைப் போர்த்தியிருக்கும் வெள்ளி நிறத் துணியோடு கலந்து மங்கலாகவும் விழும். ஆகவே கறுப்பு என்று தெரிவதைச் சிவப்பாக இருக்கக்கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று அறிய, நிற்பவர்களின் சட்டைப் பையைப் பாருங்கள். அது இடப்பக்கம்தான் இருக்கிறது, அந்தக் கவலை வேண்டாம்.

பெயரே தெரியாத விமானத்தையும் அளவை வைத்து அணுகலாம். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் மெட்மென்ஹாமில், விமானத்திலிருந்து எடுத்த வான்படங்களை ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித், ஜெர்மனியின் பீனமுண்டே தளத்தில் கண்ட வாலற்ற விமானத்தின் இறக்கை அகலத்தை அளந்தார். ஏறத்தாழ 30 அடி என்பதால் அதற்குப் 'பீனமுண்டே 30' என்றே பெயர் வைத்தார்கள்; பின்னர்தான் அது மெஸ்ஸர்ஷ்மிட் 163 என்று தெரிந்தது. 1943இன் இறுதியில் அவர் கண்டறிந்த 'பீனமுண்டே 20' என்பதே வி-1 பறக்கும் குண்டு. பெயர் சூட்டும் அவசரம் இல்லாமல் அளவை மட்டும் பதிந்து வைத்ததுதான் அந்த முறையின் வலிமை.

உங்கள் விமானம் ஜிப்சி III மாத்தா, மாத் மேஜரா என்பதை வெளித்தோற்றம் உறுதியாகச் சொல்லாது. அதற்குப் பதிவெழுத்து வேண்டும். அந்த எழுத்துகள் உடற்பகுதியில் மட்டுமல்லாமல் கீழ் இறக்கையின் அடிப்பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கும். இந்தியப் பதிவென்றால் வி.டி. என்று தொடங்கும், இலங்கையிலிருந்து வந்த விமானமாக இருந்தால் அந்நாளில் வி.பி.-சி. என்று இருந்திருக்கும். படத்தின் இடது கீழ்மூலையில், புல்லுக்குச் சற்று மேலே, இறக்கையின் அடியில் ஏதோ கோடுகள் தெரிகின்றன. அந்தப் பகுதியை மட்டும் 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். கைபேசிச் செயலியில் தெளிவாக்கியோ வண்ணமேற்றியோ அனுப்ப வேண்டாம், ஏனென்றால் அவை இல்லாத எழுத்தையும் வரைந்து கொடுத்துவிடும்.