பருத்தி பனியனோடு ஓடாதீர்கள்! வேலூர் வெயிலுக்கு 300 ரூபாய்க்குள் ஓட்ட உடை

வணக்கம் நேயர்களே. எடுத்தவுடனே ஒரு பழைய வெள்ளை பனியனைக் காட்டிவிடுகிறேன்.

[பனியனைக் கேமராவுக்கு அருகில் நீட்டுகிறார்]

மார்புப் பகுதியில் இரண்டு சிறிய பழுப்புக் கறைகள் தெரிகின்றன அல்லவா? அவை தேநீர்க் கறைகள் அல்ல, என் இரத்தம். வேலூர்க் கோட்டையைச் சுற்றி முதன்முறையாக ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, பெரிதாகச் சாதித்துவிட்ட பெருமிதத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, என் அம்மா, "யார்கிட்டடா அடி வாங்கிட்டு வர?" என்று கேட்டார். யாரும் அடிக்கவில்லை, வியர்வையில் ஊறிய பனியன்தான் ஒவ்வோர் எட்டுக்கும் மார்புக்காம்பில் உரசித் தோலைப் புண்ணாக்கியிருந்தது. அன்று குளிக்கும்போது முதல் சொம்புத் தண்ணீர் பட்டதும் நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டு மாடி வரை கேட்டதாம்.

வேலூரைப் பற்றித் 'தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை' என்று கேலியாகச் சொல்வார்கள். ஓடுபவர்களுக்கு அது கேலியே அன்று. மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவிலும் மெல்லக் கக்கிக்கொண்டிருக்க, மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியை எளிதாகத் தாண்டும் ஊர் இது. ஆகவே இங்கே ஓட்ட உடைக்கு ஒரே ஒரு வேலைதான்: வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் வெளியே அனுப்புவது. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை உடலைக் குளிரச் செய்வதில்லை. ஆவியாகும் வியர்வையே குளிரச் செய்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

அந்த வேலையைப் பருத்தியைவிடப் பாலியஸ்டர் என்ற செயற்கை இழை நன்றாகச் செய்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அகல் விளக்கின் திரியை நினைத்துப் பாருங்கள். இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகளின் வழியாக எண்ணெய் தானாகவே மேலேறி வருகிறது. நல்ல பாலியஸ்டர் ஜெர்சியும் இப்படித்தான் தோலிலுள்ள வியர்வையை வெளிப்பக்கத்துக்கு ஏற்றி, பரப்பி, காற்றில் விடுகிறது. "திரியே பஞ்சுதானே, அப்படியானால் பருத்தியும் இதைச் செய்யாதா?" என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. எண்ணெய் பஞ்சிழைக்குள் புகுவதில்லை, இடுக்குகளில் மட்டுமே ஓடுகிறது. தண்ணீரோ இழைக்குள்ளேயே புகுந்து அதை உப்பச் செய்துவிடுகிறது. சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் சும்மா கிடக்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கிறது. பாலியஸ்டரோ அரை விழுக்காடுகூட வைத்துக்கொள்வதில்லை. விளக்குக்கு உத்தமமான பஞ்சு, ஓட்டக்காரனின் முதுகில் ஈரச் சாக்காக மாறுவதற்குக் காரணம் இதுவே.

நம்பாதவர்களுக்காக ஒரு சோதனையும் செய்தேன். ஒரு பருத்தி டி-ஷர்ட்டையும் ஒரு பாலியஸ்டர் ஜெர்சியையும் நனைத்துப் பிழிந்து, சமையலறைத் தராசில் எடை போட்டு, ஒரே மின்விசிறியின் கீழே தொங்கவிட்டேன். ஜெர்சியும் தண்ணீர் குடிக்கத்தான் செய்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அரை மணி நேரம் கழித்து எடுத்தபோது ஜெர்சி ஏறக்குறையப் பழைய எடைக்கு வந்திருந்தது; பருத்தியின் அக்குளோ கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. தராசில் துணியைப் போட்டதற்காக வாங்கிய திட்டு தனிக் கணக்கு.

இனி கடைக்குப் போவோம். லாங் பஜார் பக்கமாகப் போனால் எந்தத் துணியைக் காட்டினாலும் 'டிரை ஃபிட்' என்பார்கள். அது துணியின் பெயரன்று. நைக்கி நிறுவனம் தன் சரக்குக்கு வைத்த வணிகப் பெயர், கடைவீதியில் பொதுப்பெயராகிவிட்டது. எனவே பெயரை விட்டுவிட்டுத் துணியைப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உள்பக்கத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை விடுங்கள்: அது முத்துப்போல உருண்டு நின்றால் அந்தச் சட்டை வேண்டாம்; இரண்டு மூன்று நொடிகளில் அகலமாகப் பரவினால் நல்லது. பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெசவு எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள்; உள்பக்கத்தைத் திருப்பி, தையலை மணிக்கட்டின் உட்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். அங்கே உறுத்தும் தையல் ஐந்தாவது கிலோமீட்டரில் அக்குளை அறுக்கும். நான் இவற்றையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது கடைக்காரர், "சார், துணி எடுக்க வந்தீங்களா, பொய்கைச் சந்தையில மாட்டுக்குச் சுழி பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இருந்தாலும் அன்று எடுத்த 250 ரூபாய் ஜெர்சி இன்றும் உழைக்கிறது.

கால்சட்டைக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: முழங்காலுக்கு மேலே நிற்கும் மெல்லிய ஷார்ட்ஸ் போதும், தொடை உரசினால் கொஞ்சம் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். காலணி தனி வீடியோ. காலணித் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை நான்கு வரியில் முடித்தால் என்னை ஊரில் சேர்க்க மாட்டார்கள்.

பெண்கள் காசை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே பொருள் ஸ்போர்ட்ஸ் பிரா. அது பிறந்த கதை எனக்கு அலுப்பதே இல்லை. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், ஹிண்டா மில்லர், பாலி ஸ்மித் என்ற மூன்று பெண்கள், ஆண்கள் விளையாட்டில் அணியும் இரண்டு சப்போர்ட்டர் உள்ளாடைகளைச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியை உருவாக்கினார்கள். வாங்கும்போது கடையிலேயே அணிந்து, நின்ற இடத்தில் பத்து முறை குதித்துப் பாருங்கள். கீழ்ப்பட்டை மேலேறினால் அளவு சரியில்லை. மேலே ஜெர்சிதான் போட வேண்டும் என்பதில்லை. பக்கவெட்டுள்ள மெல்லிய பாலியஸ்டர் குர்தாவில் கோட்டையைச் சுற்றுகிறவர்கள் என்னை முந்திக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன்.

தலைப்பில் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருபது நிமிடம் நடையும் ஓட்டமுமாகத் தொடங்குபவருக்கு வீட்டிலிருக்கும் பருத்தி டி-ஷர்ட்டே போதும்; ஓட்டம் முக்கால் மணி நேரத்தைத் தொடும்போது ஜெர்சிக்குப் போகலாம். ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், ஏனெனில் பாலியஸ்டரில் வியர்வை நாற்றம் சீக்கிரம் குடியேறும். ஓடி வந்ததும் உள்பக்கத்தைத் திருப்பி அலசி, நிழலில் காயப்போடுங்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து வியர்வை ஏறும் வழியை அடைத்துவிடும். உங்கள் பீரோவில் கிடக்கும் பழைய கிரிக்கெட் ஜெர்சியில் இன்றே ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்த்து, உருண்டதா பரவியதா என்று கீழே எழுதுங்கள்.