ஞாயிறு மதியம் டச்சு பைரேட் ரேடியோ: லைசென்ஸ் இல்லாத சிற்றலை நிலையங்களைக் கேட்பது எப்படி?

வணக்கம் மக்களே! "சிற்றலையில் இனிமேல் கேட்க என்னண்ணா இருக்கிறது, பிபிசி தமிழோசையே 2017-இல் நிறுத்திவிட்டதே" என்று பலர் கேட்கிறீர்கள். பெரிய நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டுவது உண்மைதான். ஆனால் அவர்களுடைய பட்டைக்கு ஓரத்திலேயே, எந்த அரசிடமும் அனுமதி வாங்காமல், வீட்டில் செய்த டிரான்ஸ்மிட்டரை வைத்து நிகழ்ச்சி நடத்தும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். பைரேட் ரேடியோ. அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்பது பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

என் பின்னால் திரையில் நீல நிறத்தில் ஓடுகிறதே, அதுதான் வாட்டர்ஃபால்: எந்த அலைவரிசையில் சிக்னல் இருக்கிறது என்று நேரம் போகப்போகக் காட்டும் படம். நெதர்லாந்தில் என்ஸ்கெடே நகரத்தில் இருக்கும் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆர், அதாவது இணையம் வழியே கேட்கும் ரேடியோ ரிசீவர். பிரவுசரில் திறந்தால் போதும், 0 முதல் 29 மெகாஹெர்ட்ஸ் வரை அங்கே இருக்கும் ஆன்டெனாவில் என்ன விழுகிறதோ அதை இங்கிருந்தே கேட்கலாம். காசு கிடையாது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நெதர்லாந்தின் கிழக்குப் பகுதி பைரேட்டுகளுக்குப் பேர்போன இடம். ரிசீவர் அவர்கள் ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறது.

எங்கே தேடுவது? ஐரோப்பியர்கள் என்றால் 6200 முதல் 6400 கிலோஹெர்ட்ஸ் வரை. ஏன் அந்த இடம் என்று தெரிந்துகொண்டால் மறக்கவே மறக்காது. 49 மீட்டர் ஒலிபரப்புப் பட்டை 6200-உடன் முடிகிறது. அதற்கு மேலே இருப்பது கப்பல் தொடர்புக்கு ஒதுக்கிய இடம். கப்பல்கள் பெரும்பாலும் சாட்டிலைட்டுக்குப் போய்விட்டதால் அங்கே கூட்டம் குறைவு. பழைய ரேடியோ வைத்திருப்பவர் 49 மீட்டரில் முள்ளைக் கொஞ்சம் தள்ளினாலே இவர்கள் வந்துவிடுவார்கள். 1970-இல் மெபோ 2 என்ற கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ நார்த்சீ இன்டர்நேஷனலும் 6205-இல் இருந்தது. அந்த வருடம் பிரிட்டிஷ் அரசு இரைச்சல் அலை அனுப்பி அதை மறிக்கப் பார்த்தது. அமைதிக் காலத்தில், தேர்தல் நடக்கும் நேரத்தில், ஒரு ஜனநாயக அரசு பாட்டுப் போடும் கப்பலை ஜாம் செய்தது! இடையில் சில மாதம் நின்றாலும், 1974 ஆகஸ்ட் 31 வரை அது பாடிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் கப்பல் ஒலிபரப்பைத் தடுக்கும் டச்சுச் சட்டம் அமலுக்கு வந்தது, கப்பல் வாயை மூடிக்கொண்டது.

அமெரிக்கக்காரர்களுக்கு இடம் வேறு: 6925 கிலோஹெர்ட்ஸும் அதன் அக்கம்பக்கமும். அதற்கும் காரணம் உண்டு. 7000-இல் ஹாம்களின், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களின், 40 மீட்டர் பட்டை தொடங்குகிறது. அதற்கென்று கட்டிய டைபோல் ஆன்டெனா 6925-க்கும் ஏறக்குறைய பொருந்தும். கொஞ்சம் மாற்றியமைத்த ஹாம் செட்டே போதும். அதனால்தான் அங்கே ஏஎம் மட்டுமல்லாமல், சிக்னலின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் அப்பர் சைட்பேண்டிலும் நிறையப் பேர் வருகிறார்கள். ஏஎம் நிலையம் என்றால் நடுவில் பளிச்சென்று ஒரு கோடு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிறகு. அப்பர் சைட்பேண்டில் நடுக்கோடே இருக்காது, ஒரு பக்கம் மட்டும் புகைபோல் எழும்பும். அலைவரிசையைச் சரியாக வைக்காவிட்டால் வாத்து கத்துவது போலக் கேட்கும்.

இந்தக் கோட்டைக் கவனியுங்கள். நேராக இல்லை, மெதுவாகச் சாய்கிறது பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் சூடாகச் சூடாக அலைவரிசை நகர்கிறது. பிபிசியில் இப்படி ஒரு சாய்வைப் பார்க்கவே முடியாது. யாரோ ஒருவர் வால்வு வைத்துத் தானே செய்தது என்று பந்தயமே கட்டலாம். பேச்சு தொடங்கும் முன்பே ஆள் யார் என்று பாதி தெரிந்துவிடும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ரொம்பப் பிடித்தது இந்தச் சில நிமிடங்கள்தான்: கேரியர் (குரலைச் சுமக்கும் வெற்று அலை, அந்தக் கோடு) வந்துவிட்டது, குரல் இன்னும் வரவில்லை.

நேரம்? ஐரோப்பாவில் ஞாயிறு காலை 8 மணி யுடிசி (உலகப் பொது நேரம்) என்றால் நமக்கு மதியம் 1:30. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். பகலில் 6 மெகாஹெர்ட்ஸ் அதிக தூரம் போகாது, சில நூறு கிலோமீட்டர்தான். அதனால் அவர்கள் பக்கத்து நாட்டுக்காரர்களைக் குறிவைக்கும் நேரம் அது. இருட்டியதும் அலை வெகுதூரம் தாவும், பக்கத்து ஊருக்குக் கேட்காமல் தூரத்து நாட்டுக்குக் கேட்கும். அமெரிக்காவில் சனிக்கிழமை மாலை என்றால் நமக்கு ஞாயிறு விடியற்காலை. அலாரம் வைக்க வேண்டியதுதான்.

உள்ளடக்கம் எப்படி இருக்கும்? டச்சுக்காரர்கள் போல்கா, பழைய பாட்டு, நடுவில் நண்பர்களுக்கு வாழ்த்து. மணிக்கணக்கில் கேட்டால் எனக்கு அலுத்துவிடும், உண்மையைச் சொல்கிறேன். அமெரிக்கக்காரர்கள் கேலி விளம்பரம், நாடகம், கிறுக்குத்தனம் எல்லாம் செய்வார்கள். முடியும்போது கீச்கீச்சென்று ஒரு சத்தம் வரும். அது படம்! படத்தைச் சத்தமாக மாற்றி அனுப்பும் எஸ்எஸ்டிவி என்ற முறை. ஆண்ட்ராய்டில் ரோபோட்36 என்று ஒரு ஆப் இருக்கிறது. போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் படம் வரிவரியாக வரும்.

இவர்களுக்குப் பயம் இல்லையா? இருக்கிறது. 2020 ஜனவரியில் அமெரிக்கா ஒரு புதிய சட்டமே போட்டது, அபராதம் 20 லட்சம் டாலர் வரை போகலாம் என்றது. ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் பைரேட் என்பது மத்திய அலை, எஃப்எம் இரண்டில் மட்டும்தான். சிற்றலை அந்த வரையறைக்குள் வரவில்லை. அதற்காகச் சிற்றலையில் செய்தால் குற்றமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பழைய சட்டம் அப்படியே இருக்கிறது. ஆலன் வீனர் என்பவர் கதை தெரியுமா? 1987 ஜூலையில் நியூயார்க் கரைக்கு வெளியே சாரா என்ற கப்பலை நிறுத்தி ரேடியோ நியூயார்க் இன்டர்நேஷனல் என்று ஒலிபரப்பினார். சில நாள்தான். கடலோரக் காவல்படை ஏறி மூடிவிட்டது. அதே மனிதர் 1998-இல் மெய்ன் மாநிலத்தில் டபிள்யூபிசிக்யூ என்ற சிற்றலை நிலையத்தை முறையாக லைசென்ஸ் வாங்கித் தொடங்கினார்.

நம் ஊரில் ஒரு காலத்தில் ரேடியோ கேட்பதற்கே லைசென்ஸ் வேண்டும். தாத்தாக்கள் தபால் நிலையத்தில் பணம் கட்டி ஒரு புத்தகத்தில் முத்திரை வாங்குவார்கள். 1980-களில்தான் அது போனது. அனுப்புவதற்கு இன்றைக்கும் லைசென்ஸ் கட்டாயம். இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு யாரும் டிரான்ஸ்மிட்டர் கட்டக் கிளம்பாதீர்கள். ஆசை இருந்தால் ஹாம் தேர்வு எழுதுங்கள்.

சொந்த ரேடியோவில் இங்கிருந்தே கேட்க முடியாதா என்றால், ஐரோப்பிய பைரேட்டின் சில பத்து வாட்டை நம் மொட்டை மாடியில் பிடிப்பது கடினம். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போங்கள், ஹாம் பட்டைக்குள்ளேயே இந்தோனேசிய மொழியில் அரட்டை கேட்கும். லைசென்ஸ் இல்லாமல் அங்கே பேசுகிறவர்களில் மீனவர்களும் உண்டு. டர்ர்ர் என்று அகலமாக ஒரு சத்தம் வந்தால் அது ராடார். இதற்கெல்லாம் பெரிய எதிரி வீட்டுக்குள்தான்: எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர். கரன்ட் போனால் எல்லாரும் திட்டுவார்கள், நான் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு பேட்டரி ரேடியோவோடு மாடிக்கு ஓடுவேன்.

இப்போது முக்கியமான விஷயம். கிவிஎஸ்டிஆர் என்று உலகம் முழுவதும் பலர் தங்கள் ரிசீவரைப் பொதுவில் திறந்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஜிபிஎஸ் நேரம் இருப்பதால் டிடிஓஏ என்ற வசதி உண்டு. ஒரே சிக்னல் மூன்று, நான்கு ரிசீவர்களுக்கு எவ்வளவு முன்பின்னாக வந்து சேர்கிறது என்று கணக்குப் போட்டு, எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் காட்டிவிடும். 4625 கிலோஹெர்ட்ஸில் ரஷ்யாவிலிருந்து ஓயாமல் உறுமும் பஸ்ஸர் என்ற நிலையம் மாதிரியானவற்றில் போட்டுப் பாருங்கள், அருமையாக இருக்கும். (2022 ஜனவரியில் அந்த பஸ்ஸர் மேலேயே யாரோ கங்னம் ஸ்டைல் பாட்டைப் போட்டார்கள். வாட்டர்ஃபாலில் படம்கூட வரைந்தார்கள்!) ஆனால் பாட்டுப் போடும் ஒரு தனி ஆள்மேல் இதைப் பிரயோகித்து, கிடைத்த புள்ளியை ஊருக்குச் சொல்லாதீர்கள். அவரைப் பிடிப்பது அந்த நாட்டு அதிகாரிகளின் வேலை, அதற்கு அவர்களிடம் நம்மைவிட நல்ல கருவி இருக்கிறது. விமானம், மீட்புப் பணி மாதிரியான அலைவரிசையில் ஒருவர் இடைஞ்சல் செய்தால் அது வேறு கதை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பாட்டுப் போடும் பைரேட்டுக்கு நாம் அனுப்ப வேண்டியது ஒரு நல்ல ரிப்போர்ட். பெரும்பாலும் நிகழ்ச்சியிலேயே மின்னஞ்சல் முகவரி சொல்வார்கள். யுடிசியில் தேதி, நேரம், அலைவரிசை, சின்போ (சிக்னல் பலம், இடைஞ்சல் முதலியவற்றுக்குத் தரும்) மதிப்பெண், எந்த நிமிடம் என்ன பாட்டு, எங்கே குரல் மங்கியது, இவ்வளவு போதும். "சூப்பர், நன்றாகக் கேட்டது" என்று எழுதினால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. இன்னொன்று, என்ஸ்கெடே ரிசீவரில் கேட்டுவிட்டு "இந்தியாவில் கேட்டேன்" என்று எழுதுவது பச்சைப் பொய். தன் 20 வாட் கடல் தாண்டிவிட்டது என்று அந்த மனிதர் நம்பிவிடுவார். எந்த ரிசீவர், எந்த ஊர் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். சொன்னாலும், கேட்டதை உறுதிசெய்யும் கியூஎஸ்எல் கார்டு அனுப்புகிறார்கள். இதோ, திரையில் காட்டுவதெல்லாம் அப்படி வந்தவைதான்.

அமெரிக்க பைரேட்டுகளுக்குத் தீபாவளி மாதிரி நாள் ஹாலோவீன். அக்டோபர் 31 மாலை 6925 பக்கம் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக்கொண்டு வருவார்கள். நமக்கு அது நவம்பர் 1 விடியற்காலை 5:30. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரண்டு கிவிஎஸ்டிஆர் திறந்து வைத்து நேரலை போடுகிறேன். யுடிசி காட்டும் கடிகாரமும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே லாக் எழுதலாம்.