செத்த ஜோக்கை எப்படிக் கொல்வது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். குழு அரட்டையில் புரியாமல் போன ஜோக்கை விளக்குவதா, அப்படியே விட்டுவிடுவதா என்பது தலைப்பு. விளக்கத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், 'விளக்கினால் ஜோக் செத்துவிடும்' என்று முழங்கினார். கைதட்டலும் வாங்கினார். ஐயா, யாருமே சிரிக்கவில்லை என்பதால்தானே விளக்கவே வருகிறோம்? செத்ததை இன்னொரு தடவை எப்படிக் கொல்வது? ஜோக்கைப் பிழைக்க வைப்பது எங்கள் நோக்கமே இல்லை. அது கிளப்பிவிட்ட பீதியையும் மனத்தாங்கலையும் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கணினி வழியாக எல்லோரும் எழுதிப் படிக்கும் தகவல் பலகை ஒன்று இருந்தது. அதில் ஒரு இயற்பியல் புதிர் வந்தது: லிஃப்டின் கயிறு அறுந்து விழுகிறது, உள்ளே எரியும் மெழுகுவத்தியும் தரையில் ஒரு துளி பாதரசமும் இருக்கின்றன, அவை என்ன ஆகும்? உடனே ஒரு குறும்புக்காரர், 'எச்சரிக்கை! இயற்பியல் சோதனையால் இடது ஓர லிஃப்டில் பாதரசம் கலந்துவிட்டது, லேசான தீச்சேதமும் உண்டு' என்கிற பாணியில் அறிவிப்பு எழுதினார். புதிரைப் படித்தவர்கள் சிரித்தார்கள். படிக்காமல் நேரே அறிவிப்பைப் பார்த்தவர்களில் சிலர் நிஜம் என்றே நம்பிவிட்டார்கள்! அப்புறம் 'அது வெறும் ஜோக்' என்று விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. எதிரணி நண்பர் அன்று அங்கே இருந்திருந்தால், 'விளக்காதீர்கள், சுவை போய்விடும்' என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போயிருப்பார்!

அந்தக் குழப்பத்தைத் தொடர்ந்துதான், செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிவியலாளர் முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் வரிசையாகப் போட்டு, ஜோக்குக்கு இது அடையாளமாக இருக்கட்டும் என்றார். இன்று நீங்கள் தட்டிவிடும் சிரிப்பு முகங்களுக்கு அதுதான் முன்னோடி. அதுவும் ஒரு விளக்கம்தானே? எதிரணியினரே தினமும் நூறு அனுப்புகிறார்கள்.

'ஓர் ஆள் புரியாதவர் என்பதற்காக விளக்குவதா' என்றும் கேட்டார்கள். ஓர் ஆளா? உளவியல் ஆய்வாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் வேறு இருவரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நையாண்டியா நிஜமா என்பதைப் படிப்பவர்கள் மின்னஞ்சலிலேயே 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மின்னஞ்சல் எழுதியவர்கள் நம்பினார்கள். கிடைத்ததோ 56 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும், நடுவர் அவர்களே!

சரி, குழுவில் என்ன நடக்கிறது? மேலாளர் இடமாற்றலாகிறார் என்று ஒருவர் எழுதுகிறார். நீங்கள், 'அப்பாடா, ஒருவழியாகக் கிளம்பினாரா!' என்று தட்டுகிறீர்கள். நீங்கள் தட்டி முடிப்பதற்குள் இன்னொருவர், 'அப்பா இன்று காலை தவறிவிட்டார்' என்று போட்டுவிடுகிறார். உங்கள் வரி போய் அதற்குக் கீழே உட்காருகிறது. நேரில் என்றால் எதிரே இருப்பவர் முகம் மாறும்போதே பதறிச் சமாளித்திருப்பீர்கள். இங்கே முகமே இல்லை. யாரும் ஒன்றும் எழுதவில்லை. எதிரணி சொல்கிறபடி 'தானாக மேலே போய்விடும்' என்று விட்டுவிடலாமா? ஸ்கிரீன்ஷாட் எடுக்க எத்தனை நொடி ஆகும்?

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 'இதுகூடப் புரியலையா?' என்று ஆரம்பித்துப் பத்து வரி வகுப்பெடுப்பவர் எங்கள் அணி இல்லை. அவரை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். எந்தச் செய்திக்குப் பதிலோ அதை மேற்கோள் காட்டி, 'நான் சொன்னது இதற்கு, மன்னியுங்கள்' என்று எழுதினால் போதும். ஒரே வரி. அந்த ஒரு வரி எழுத அனுமதி கேட்கிறோம், தீர்ப்பை எங்களுக்குத் தாருங்கள். வணக்கம்.