சூரியன் எந்தப் பக்கம்?

அன்பான நேயர்களே, வணக்கம். உங்களில் பாதிப் பேர் சமையலறையிலும் மீதிப் பேர் கொழும்புக் காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்குள்ளும் இருப்பீர்கள். ஆகையால் கோட்பாடுகளை ஒதுக்கிவிட்டு, கதை நடக்கும் இடமும் பொழுதுமாகிய கதைக்களம், நிகழ்ச்சிகளைக் காரணத்தோடு கோக்கும் கதைப்பின்னல் என்ற இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். என் கட்சியைக் கேட்டால் களம்தான் முதலில்.

சிறுகதைப் போட்டி ஒன்றில் நடுவராக இருந்தபோது ஒரு கதை வந்தது. நாயகன் இரவு முழுவதும் வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்கிறான். கடலிலிருந்து சூரியன் எழுகிறது. அவன் மனம் மாறுகிறது. நல்ல நடைதான். ஆனால் கொழும்பின் மேற்குக் கரையான வெள்ளவத்தையில் சூரியன் கடலில் விழும், எழாது. எழ வேண்டுமென்றால் கிழக்குக் கரைக்கு, திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ போக வேண்டும். எழுதியவர் கொழும்பிலேயே வளர்ந்தவராம்! 'சின்னப் பிழைதானே, விடுங்கள்' என்றார் சக நடுவர். நான் விடவில்லை. வெள்ளவத்தையில் விடியும்போது வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து, காலி வீதிக் கட்டடங்களுக்கு மேலாக வரும். கடல் சாம்பல் பூத்தே கிடக்கும். சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் கடலை விட்டு வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். மனம் மாறுகிறவனுக்கு இதைவிட நல்ல அசைவு கிடைக்குமா? இடம் சும்மா கொடுத்ததை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அதே கடற்கரையில் இறங்கத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும், உங்களுக்குத் தெரியும். மகனைத் தேடி வந்த தகப்பன் இந்தப் பக்கம், மகன் அந்தப் பக்கம், நடுவில் மாத்தறைக்குப் போகும் ரயில். அது போய் முடிவதற்குள், ஏச வந்தவர் ஏச்சை விழுங்கிவிடலாம். அல்லது மகன் நழுவிவிடலாம். கதையின் திருப்பத்தைத் தண்டவாளமே போட்டுக்கொடுக்கிறது. களத்தை மாற்றினால் நிகழ்ச்சியும் மாற வேண்டும். மாறவில்லையென்றால் அது களமல்ல, நாடக மேடையின் படுதா.

நிலத்தையும் பொழுதையும் தொல்காப்பியம் முதற்பொருள், அதாவது பாட்டுக்கு அடிப்படை என்கிறது. கடற்கரையான நெய்தல் நிலத்துக்குப் பொழுது சாயும் நேரம், உணர்ச்சி இரங்கல், அதாவது பிரிந்தவரை எண்ணி வருந்துவது. நிலம் மட்டுமல்ல, திரும்பவும் சொல்கிறேன், பொழுதும் களம்தான். கொழும்புச் செட்டியார் தெருவில் மற்ற நாள்களில் நகைக்கடைக் கூட்டத்தை விலக்கி நடந்துவிடலாம். ஆடிவேல் திருவிழாத் தேர் புறப்படும் நாளில், வீட்டில் காய்ச்சல்காரப் பிள்ளையை விட்டு மருந்து வாங்க வந்தவள் பாடு என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் என்று. பின்னலைப் பற்றி ஒன்று மட்டும். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் கதை. துயரத்தால் அரசி இறந்தாள் என்றால் பின்னல் என்று 1927இல் ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் பிரித்துக் காட்டினார். 'பிறகு என்ன?' என்பதை விட்டு 'ஏன்?' என்று கேட்க வைப்பது அந்த ஒரு சொல். சிக்கல், உச்சம், முடிவு பற்றிய குறிப்புகள் கையிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு இன்று நேரமில்லை. வணக்கம்.