அவிநாசி சாலையில் பழைய கார்கள்: தகரத்தை நிமிர்த்தியவர்களைத் தேடி ஒரு நாள்

வணக்கம் நண்பர்களே. கோயம்புத்தூர் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கல்லூரி மைதானத்தின் வாசலில் நின்று பேசுகிறேன். கூட்டம் சேர்ந்துவிட்டால் எஞ்சின்களின் சத்தம் காதில் விழாது என்பதால், காலை ஏழு மணிக்கே பொள்ளாச்சியிலிருந்து வந்துவிட்டேன். பழைய கார்க் கண்காட்சியில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாமே ஓடி உள்ளே வருகின்றன. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப சோக் இழுத்த நிலையில் இடறி இடறி ஓடும் சத்தத்தையும், முதல் கியரில் எழும் முனகலையும், எரியாத பெட்ரோலின் வாசனையையும் இப்போது விட்டால் மாலைவரை பிடிக்க முடியாது.

கொங்கு நாட்டுக்கு மோட்டார் வண்டி வேடிக்கைப் பொருள் அல்ல. 1920-இல் ஜி.டி. நாயுடு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவர் பெயரைத் தாங்கிய கார் அருங்காட்சியகம் இதே அவிநாசி சாலையில்தான் இருக்கிறது. பின்னர் கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டும் தொழில் வளர்ந்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டினார்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளோடு நாடெங்கும் சென்றார்கள். தொழிற்சாலை தந்த சட்டத்தின்மேல் (சேஸிஸ்) தனக்கு வேண்டிய உடலைக் கட்டுவதுதான் கஸ்டம் வேலை என்றால், அது இந்தப் பகுதியில் நெடுங்காலமாகப் பலருடைய பிழைப்பு. அதனால் இன்று உரிமையாளர்களைவிட, வண்டிகளை எழுப்பிய டிங்கர்களையும் (தகரத்தைத் தட்டி நிமிர்த்துபவர்கள்) லேத் பட்டறைக்காரர்களையும் பற்றி அதிகம் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறேன்.

முதல் வரிசையில் பிரீமியர் பத்மினிகள் நிற்கின்றன. ஃபியட் 1100 காரின் வழியில் வந்த இந்த வண்டிக்குப் பத்மினி என்ற பெயர் 1974-இல் சூட்டப்பட்டது என்றாலும், எங்கள் ஊரில் கடைசிவரை எல்லோருக்கும் இது ஃபியட்தான். 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் லீவர். என் தந்தையின் ஃபியட்டில் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது, 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிடும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பில் அடைத்துக்கொள்வதே காரணம். அப்பா ஒரு துணியை நனைத்துப் பெட்ரோல் பம்பின்மேல் போடுவார். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பும். இங்கே ஒரு பத்மினியின் பானெட்டைத் திறந்தபோது, பம்பின் அருகே மடித்து வைத்திருந்த ஈரத்துணியைக் கண்டேன். அந்த ஒரு துணிக்காகவே ஐந்து நிமிடம் அங்கு நின்றுவிட்டேன்.

இப்போது கேமராவைத் தாழ்த்துகிறேன், இந்த வெளிர்நீல ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பாருங்கள். இன்று நான் பார்த்தவற்றில் இதுவே சிறந்த வண்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960-களில் தயாரித்ததால், இதைத் தமிழ்நாட்டுக் கார் என்றே சொல்லலாம். உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதால், முன் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை செய்யலாம். ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிட முடியும்.

ஹெரால்டின் உடல் பல துண்டுகளாக, தனிச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் இந்தக் காரை வடிவமைத்த காலத்தில், முழு உடலையும் அச்சில் அழுத்தித் தரக்கூடிய ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஆகவே வெவ்வேறு இடங்களில் செய்த துண்டுகளைச் சேர்க்கும்படி வடிவமைத்தார்கள். அன்றைய அந்த நெருக்கடிதான் இன்று நம் டிங்கருக்கு வரமாகியிருக்கிறது. ஒரு துண்டு துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றி, புதுத் தகரத்தை மேசைமேல் தட்டி உருவாக்கி மாட்டலாம். ஆனால் துண்டுகள் பல என்பதால் இடைவெளிகளும் பல. கதவுக்கும் தூணுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு இடைவெளி வருவதற்குள் கையும் கண்ணும் களைத்துவிடும். இந்த வண்டியில் அந்தக் கோடு மேலிருந்து கீழ்வரை நேராக இறங்குகிறது.

உரிமையாளர் ஈரோட்டுக்காரர். கதவின் அடிப்பகுதியும் தரைத்தகடும் உளுத்துப்போன நிலையில் வாங்கி, கோவை கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் விட்டிருக்கிறார். “ரெண்டு வருசம் ஆச்சுங்க. அவரு அவசரப்படுத்தினா வேலையை எடுக்கமாட்டாருங்க” என்று பெருமையோடு சொன்னார்.

பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: சட்டைப்பையில் ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். தகரத்தில் நன்றாக ஒட்டும் காந்தம், பட்டி என்ற நிரப்புப் பசை தடித்த இடத்தில் வழுக்கி விழும். ஓட்டையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்காமல் பட்டியால் நிரப்பிப் பெயின்ட் அடித்திருந்தால், இரண்டு மழைக்காலத்தில் துரு கொப்புளமாக வெளியே வரும். உரிமையாளரின் அனுமதியோடு ஹெரால்டின் கதவடியில் காந்தத்தை வைத்தேன். கடைசி அங்குலம்வரை ஒட்டியது.

அடுத்து மாற்றியமைத்த வண்டிகளின் பகுதி. இளைஞர்கள் இங்கேதான் கூடியிருக்கிறார்கள். தாழ்த்தப்பட்ட கான்டெசா, பெரிய டயர் போட்ட ஜீப்புகள் ஆகியவற்றை விரைவாகக் காட்டிவிட்டு, கூரையை அறுத்த இந்த அம்பாசடரிடம் வருகிறேன். 2014 வரை தயாரான அம்பாசடருக்கு ஹெரால்டைப்போலத் தனிச் சட்டம் கிடையாது. கூரை, தூண், தரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் பலம். கூரையை வெறுமனே அறுத்தால் வண்டி நடுவில் தொய்ந்து, கதவுகள் திறக்காமல் இறுகிவிடும். இதைச் செய்தவர், அறுப்பதற்கு முன்பே கதவுகளின் குறுக்கே கம்பி பற்றவைத்து வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கிறார். பிறகு கதவடிப் பெட்டிக்குள் கனமான தகடு கொடுத்து, தரையின் அடியில் குறுக்குச் சட்டங்கள் போட்டிருக்கிறார். நான் படுத்துப் பார்த்தேன். பற்றவைப்பு நாணயமாக இருக்கிறது. கூரையை இழந்த அம்பாசடரின் தோற்றம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை, ஆனால் அந்த வேலையை மதிக்கிறேன்.

இந்த வண்டி கேரியர் லாரியில் ஏறித்தான் இங்கே வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பழைய வண்டிகளுக்கு 2021-இல் தனி விதிகள் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டி, 20,000 ரூபாய் கட்டணத்தில் விண்டேஜ் பதிவு பெறலாம்; எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ அதை ஓட்டக்கூடாது. பாதுகாப்பு கருதிய கட்டுப்பாடு எனக்குப் புரிகிறது. ஆயினும், முறையாகப் பொறியாளர் சோதித்துச் சான்று தந்த மாற்றங்களுக்கு ஒரு வழி வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயத் தளமும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் கைத்திறன் லாரியின் முதுகில் ஏறி வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிற்பகலில் உரிமையாளர்கள் அதிகம் பேசியது எத்தனாலைப் பற்றி. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் டயாஃப்ரம் என்ற சவ்வையும் கெடுக்கிறது. குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்கில் பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் ஒரு பலகை இருக்கிறது. அதில் ஆண்டு, மாடல், எஞ்சின் அளவு, உரிமையாளர் பெயர் எல்லாம் இருக்கின்றன. டிங்கரிங் செய்தவர், பெயின்ட் அடித்தவர், கடையில் கிடைக்காத புஷ் என்ற சிறு உருளைப் பாகத்தை லேத்தில் கடைந்து தந்தவர் ஆகியோரின் பெயர் ஒரு பலகையிலும் இல்லை. நடத்துகிறவர்கள் அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு வரிகளுக்கு இடம் விட வேண்டும் என்று நேரிலும் கேட்டேன், இங்கும் கேட்கிறேன்.

மணி ஐந்தரை. புறப்படும் முன் மீண்டும் ஹெரால்டிடம் வந்திருக்கிறேன். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கதவின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். கணபதிப் பட்டறைக்காரர் இவர்தான். எல்லோரையும்போல நுழைவுச்சீட்டு வாங்கித்தான் உள்ளே வந்திருக்கிறார். வேலை மிக அருமையாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் கதவைத் திறந்து, மெல்லச் சாத்தி, காதைக் கொடுத்துக் கேட்டார்.

“கீழ்க் கீலு அரை நூல் எறங்கியிருக்குது கண்ணு” என்றார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். பிறகு உரிமையாளரைப் பார்த்து, “திங்கக்கிழமை பட்டறைக்கு வண்டியைக் கொண்டாங்க” என்று சொல்லிவிட்டு, கதவை இன்னொரு முறை சாத்திப் பார்த்தார்.