தண்ணீர் தேடிய சர்வேயர்

எல்லோருக்கும் வணக்கம். சர்வேயர் என்றதும் நமக்குப் பட்டாவும் எல்லைக்கல்லும் பங்காளிச் சண்டையும்தான் ஞாபகம் வரும். ஜான் ஃபாரஸ்ட் வேறு மாதிரி சர்வேயர். மேற்கு ஆஸ்திரேலியாவின் பன்பரி பக்கத்தில் 1847-இல் பிறந்து, பதினெட்டு வயதில் நில அளவைத் துறையில் சேர்ந்தவர்.

1870-இல் பெர்த்திலிருந்து அடிலெய்டு வரை கடலோரமாகவே போனார். 1874-இல் ஜெரால்ட்டனில் கிளம்பி, பாலைவனத்தைக் கடந்து, நடு ஆஸ்திரேலியாவின் தந்திக் கம்பிப் பாதையைத் தொட்டார். குதிரைகளுக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் பயணம் அங்கேயே முடிந்தது. முன்னால் போய் ஊற்றும் பாறைக்குழியும் தேடியவர், டாமி விண்டிச் என்ற பழங்குடி வழிகாட்டி. வெல்ட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றருகே தங்கியிருந்தபோது அந்தப் பகுதி மக்கள் தாக்க, இவர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். அப்புறம் கற்களை அடுக்கி, மேலே மரக்கிளைகளைப் பரப்பி, குடிசை கட்டிக்கொண்டு அதற்குள் படுத்தார்கள். பயணக் குறிப்பில் இது சாகசமாகத்தான் படிக்கக் கிடைக்கிறது. தங்கள் ஊற்றில் அந்நியன் குடிசை போட்டால் எந்த ஊர்க்காரர் சும்மா இருப்பார்?

சரி, அரசியலுக்கு வருவோம். 1883-இல் தலைமை நில அளவையர், 1890-இல் அப்போது தனிக் காலனியாக இருந்த மேற்கு ஆஸ்திரேலியாவின் முதல் பிரீமியர், அதாவது அரசின் தலைவர். பத்தாண்டுக்கு மேல் அந்த நாற்காலி அவருடையது. கடலை விட்டு வெகு உள்ளே, வறண்ட கூல்கார்டியிலும் கல்கூர்லியிலும் தங்கம் கிடைத்தது. குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. பொறியாளர் ஓ'கானர் ஒரு திட்டம் போட்டார்: பெர்த் பக்கத்தில் மண்டாரிங்கில் அணை கட்டி, எட்டு நீரேற்று நிலையங்கள் வைத்து, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் தண்ணீரைத் தள்ளுவது. இருபத்தைந்து லட்சம் பவுன் கடன்! பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ஃபாரஸ்ட் அசரவில்லை. சொட்டுத் தண்ணீருக்கு அலைந்தவருக்கு அதன் விலை தெரியாதா? பத்திரிகைகளின் வசை தாங்காமல் ஓ'கானர் 1902-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு ஜனவரியில் கல்கூர்லியில் குழாயைத் திறந்து வைத்தவர் ஃபாரஸ்ட்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு கணக்கு. 1876-இல் டாமி விண்டிச் எஸ்பரன்ஸில் இறந்தபோது, அவருக்குக் கல்லறைக் கல் வைத்தவர்கள் ஃபாரஸ்ட் சகோதரர்கள்தான். ஃபாரஸ்ட் பதவியேற்றபோது, அரசு வருவாயில் நூற்றுக்கு ஒரு பங்கைப் பழங்குடியினர் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே ஒரு பிரிவு இருந்தது. தங்கத்தால் வருவாய் பெருக, அந்த ஒரு பங்கும் பெருகியிருக்கும். 1897-இல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது ஃபாரஸ்ட் அரசு.