நான்சியைப் பற்றியும் பேசுவோம்

நண்பர்களுக்கு வணக்கம்.

வரலாற்று நாவல் என்றதுமே நம் மனம் அரண்மனைக்கும் ஒற்றர்களுக்கும் குதிரைக் குளம்பொலிக்கும் போய்விடுகிறது. இன்று நான் எடுத்துக்கொண்ட நாவலில் அரண்மனை கிடையாது. ஒரு பண்ணை வீடு, அதன் அடுக்களை, நிலவறை, அங்கே கூலிக்கு வேலை பார்த்தவர்கள், அவ்வளவுதான். கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1996இல் எழுதிய ‘ஏலியாஸ் கிரேஸ்’.

இது நடந்த கதை. கனடாவில், டொராண்டோவுக்கு வடக்கே ரிச்மண்ட் ஹில் என்ற ஊர். 1843 ஜூலைக் கடைசியில் தாமஸ் கினியர் என்ற வசதியான மனிதரும், அவர் வீட்டைக் கவனித்துக்கொண்ட நான்சி மாண்ட்கோமரியும் கொலையுண்டார்கள். அங்கே வேலை செய்த ஜேம்ஸ் மெக்டெர்மாட்டும் கிரேஸ் மார்க்ஸும் வீட்டுப் பொருள்களோடு ஏரியைத் தாண்டி அமெரிக்கப் பக்கம் போய்ப் பிடிபட்டார்கள். நவம்பரில் இருவருக்கும் தூக்கு என்று தீர்ப்பு. மெக்டெர்மாட்டை அந்த மாதமே தூக்கிலிட்டார்கள். கிரேஸுக்கு வயது பதினாறுதான். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பெண். கருணை காட்டும்படி ஜூரிகளே சொன்னார்கள். தண்டனை ஆயுளாகக் குறைந்தது.

நாவலைப் படித்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “கிரேஸ் உண்மையிலேயே செய்தாளா?” என்றுதான். கேட்கத்தான் தோன்றும். ஆனால் பதிவுகளைப் போய்ப் பார்த்தால் அவளே வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறாள், மெக்டெர்மாட்டும் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறான். ஒரு சாரார் அவளை ஆணை மயக்கிக் கொலை செய்யவைத்தவள் என்றார்கள். இன்னொரு சாரார் பயந்துபோன பாவப்பட்ட பிள்ளை என்றார்கள். சூசன்னா மூடி என்ற எழுத்தாளர் கிங்ஸ்டன் சிறைக்கே போய் அவளைப் பார்த்து, 1853இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். அதில் நான்சியின் உடலை நான்கு துண்டாக வெட்டினார்கள் என்கிறார். அப்படி நடக்கவே இல்லை.

அட்வுட்டும் முதலில் மூடி சொன்னதை நம்பி, 1974இல் கனடாத் தொலைக்காட்சிக்கு ஒரு நாடகம் எழுதியவர். அப்புறம் பழைய பத்திரிகைகளையும் ஆவணங்களையும் தேடிப் படித்துவிட்டு, அதே கதையை மறுபடி எழுத உட்கார்ந்தார். இந்த முறை ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்: உறுதியான தகவல் இருக்கும் இடத்தில் கை வைப்பதில்லை, பதிவில் விடுபட்ட இடத்தில் மட்டும் கற்பனை. உயிரோடு இருந்த ஒரு பெண்ணைப் பாத்திரமாக்குகிறவருக்கு இந்த மரியாதை கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, நான்சிக்கு வருவோம். என்னைத் தூங்கவிடாமல் செய்தவள் அவள்தான். கினியருக்கும் அவளுக்கும் உறவு இருந்தது, கல்யாணம் இல்லை. பிரேதப் பரிசோதனையில் அவள் கர்ப்பமாக இருந்தது தெரிந்தது. நாவலில் அவள் கிரேஸை அதட்டுகிற, பொறாமைப்படுகிற பெண்ணாக வருவதால் நமக்கு அவள் மேல் சட்டென்று கோபம் வருகிறது. ஆனால் அவளும் சம்பளத்துக்கு வந்தவள்தானே? ஒரு படி மேலே ஏறி நின்றாள். அந்தப் படியில் ஏற்றிவிட்டவர் கினியர். நாளைக்கே இறக்கிவிடவும் அவரால் முடியும். அந்தப் பயத்தில் இருப்பவள் கீழே நிற்பவளிடம் அன்பாக இருப்பாள் என்று எப்படி எதிர்பார்ப்பது?

இன்னொன்று கேளுங்கள். நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது கினியர் கொலைக்கு மட்டும்தான். தூக்கு உறுதியாகிவிட்டது, இனி இன்னொரு வழக்கு எதற்கு என்று நான்சி கொலையை எடுக்கவே இல்லை. சட்டத்தின் கணக்கில் அது சரியாக இருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. கிரேஸின் பங்கு என்ன என்ற சந்தேகம் மிகுதியாக இருப்பது நான்சியின் சாவில்தான். அவளைக் கழுத்தை நெரித்தபோது யார் யார் இருந்தார்கள் என்று சாட்சிகளை நிறுத்தி யாரும் முறையாக விசாரிக்கவில்லை. நாம் நூற்றெண்பது ஆண்டுகளாக விவாதிக்கிற கேள்வியின் வேர் அங்கே கிடக்கிறது.

கனடாவுக்குப் போக வேண்டாம், பக்கத்துக் கொச்சி ராஜ்யத்துக்கே வாருங்கள். 1905இல் குறியேடத்து தாத்ரி என்ற நம்பூதிரிப் பெண்ணைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி, ஸ்மார்த்தவிசாரம் என்ற, பெண்ணின் ஒழுக்கத்தைக் கேள்வி கேட்கும் சாதி விசாரணையை நடத்தினார்கள். அவளும் தன்னோடு உறவு வைத்திருந்தவர்கள் என்று அறுபதுக்கு மேற்பட்ட ஆண்களை அடையாளம் காட்டினாள். அந்தப் பதிவில் அவள் பேசுவதெல்லாம் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும்தான். பிற்பாடு மலையாள எழுத்தாளர் லலிதாம்பிகா அந்தர்ஜனம் ‘பிரதிகாரதேவதை’ என்ற சிறுகதையில் தாத்ரியைத் தானாகவே பேசவைத்தார். அவரும் அதே சமூகத்தின் அகத்தளத்தில் வளர்ந்தவர். அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

கிரேஸுக்கு 1872இல் மன்னிப்புக் கிடைத்தது. கிட்டத்தட்ட இருபத்தொன்பது ஆண்டு அடைபட்டிருந்தவள் நியூயார்க் மாநிலத்துக்குப் போனாள், அதோடு பதிவு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னான வாழ்க்கையை அட்வுட் தன் கற்பனையில் அவளுக்குக் கொடுத்தார். நான்சிக்காக யாரும் அப்படி உட்கார்ந்து எழுதி நான் பார்த்ததில்லை. இந்தக் கூட்டத்தில் எழுதுகிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவர் அந்த விசாரிக்கப்படாத கொலையிலிருந்து ஒரு நாவலைத் தொடங்கினால், கைப்பிரதியிலேயே வாங்கிப் படிக்க நான் காத்திருக்கிறேன்.

நன்றி.